நெற்றியைத் துடைத்த பின்பே குனியவும்

பன்னிரண்டாம் விதியை எடுத்துவிட்டார்களாம்.

போன மாதம் சரண்யா போனில் சொன்னாள். இங்கே லண்டனில், செவன் கிங்ஸில் பிறந்து வளர்ந்த பிள்ளை. நான் ஓய்வுபெற்ற அருங்காட்சியகத்தில், நான் வேலை செய்த அதே படக் களஞ்சியத்தில் இப்போது அவள் வேலை செய்கிறாள். அந்தக் களஞ்சியத்தின் உள்கதவில் தட்டச்சு செய்த ஒரு தாள் முப்பது வருடத்துக்கு மேலாக ஒட்டியிருந்தது. படங்களைத் தொடுகிறவர்களுக்கான பதினைந்து விதிகள். மோதிரம், கைமணிக்கூடு கழற்றவும். பேனை கொண்டுவர வேண்டாம், பென்சில் மட்டும். திறந்த படத்தின் மேல் பேச வேண்டாம். இப்படிப் போகும் வரிசையில் பன்னிரண்டாவது: “நெற்றியைத் துடைத்த பின்பே படத்தின் மேல் குனியவும்.”

“அங்கிள், இப்ப டிரெய்னிங் எல்லாம் ஸ்கிரீன்ல. பழைய பேப்பரை மீட்டிங்கில வாசிச்சுப்போட்டு எல்லாரும் சிரிச்சவை. ஆரோ நல்லா வேர்க்கிற ஆள் இருந்திருக்கிறார், அவருக்காகப் போட்ட ரூல் எண்டு மனேஜர் சொன்னார்.”

“வேர்வை இல்லைப் பிள்ளை.”

“அப்ப?”

“அந்த ஆள் நான்தான்.”

“ஐயோ அங்கிள்!” என்றாள். பிறகு, “எழுதித் தாங்கோ அங்கிள், நான் அவைக்கு விளங்கப்படுத்துறன்” என்றாள். சிரித்தவர்களுக்கு எழுதி விளங்கப்படுத்த வேண்டிய நிலைமை எனக்கு வந்துவிட்டது. சரி, எழுதுகிறேன். ஆங்கிலத்தில் எழுத எனக்கு ஏலாது. அவளே மொழிபெயர்க்கட்டும். ஒரு பிரதி எங்கள் முதியோர் சங்கத்து மலருக்கும் போகிறது.

முதலில் என்னைப் பற்றி. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். லண்டனுக்கு வந்த புதிதில் அந்த அருங்காட்சியகத்தில் பெட்டி தூக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே இருந்தவர்களில் பாதிப்பேர் பெயருக்குப் பின்னால் எழுத்து எழுத்தாகப் போட்டுக்கொள்கிறவர்கள். நான் ஓய்வுபெறும்போது அவர்கள் ஒரு படத்தைத் தொடுவதற்கு முன் “நவம் பார்த்துவிட்டாரா?” என்று கேட்டார்கள். இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். வேறு எதற்குச் சொல்வது?

எங்கள் பெட்டிகளில் இருந்தவை ஜப்பான்காரரின் மரக்கட்டை அச்சுப் படங்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பலகை செதுக்கி, ஒரே தாளை ஒவ்வொரு பலகையிலும் வைத்துத் தேய்த்துத் தேய்த்து எடுத்தவை. ஜப்பான் படம் என்றால் சனம் மலையையும் அலையையும் நினைக்கும். எங்களிடம் இருந்தது பெரும்பாலும் நாடக நடிகர்கள். கோபத்தில் கருவிழி இரண்டும் மூக்குப் பக்கம் சுழன்ற முகம். பேயைக் கண்டு விரல் பத்தும் விரிந்த கை. பிள்ளையைப் பறிகொடுத்துத் தலைமயிர் அவிழ்ந்தவள். இருநூறு வருடத்துக்கு முந்திய கத்தலும் கதறலும் கறுப்புத் துணி ஒட்டிய பெட்டிகளில் தட்டுத் தட்டாக அடுக்கியிருக்கும்.

அதைத் தொடும் நாங்களோ வாய் திறக்கக் கூடாது. நாலாம் விதி. பேசினால் எச்சில் தெறிக்கும், தெறித்த இடம் பத்து வருடத்துக்குப் பிறகு பழுப்புப் புள்ளியாக எழும்பும். ஆகவே படத்திலே ஒருத்தி ஊரைக் கூட்டி அழுவாள், நான் அவளுக்கு மேலே உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்பேன்.

விதிகளை எழுதியவர் மிஸ் ஆல்டன். களஞ்சியத்தின் தலைவி. உயரமான, ஒல்லியான மனுசி. சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை, பையில் ஒரு பூதக்கண்ணாடி. அவர் ஏசி நான் கேட்டதில்லை. ஏதும் பிடிக்காவிட்டால் பூதக்கண்ணாடியை மேசையில் வைப்பார், சுவர் மணிக்கூட்டைப் பார்ப்பார், “இன்னொரு தரம்” என்பார். அவ்வளவுதான். அந்த இரண்டு சொல்லுக்கு நான் ஆமிக்காரனின் சோதனைச் சாவடியை விடக் கூடப் பயந்திருக்கிறேன்.

பெட்டி தூக்கிக்கொண்டிருந்த என்னை அவர்தான் மேசைக்கு எடுத்தார். நான் பெட்டியை வைக்கும்போது சத்தம் வராததைக் கவனித்தாராம். ஆறு மாதம் வெறும் தாளைத்தான் தந்தார். எதிரெதிர் மூலைகளை இரண்டு கையாலும் பிடித்து, தாள் தன் பாரத்தில் தானே வளைய விட்டுத் தூக்க வேண்டும். இழுத்தால் நார் விடும். முகத்தைப் பார்க்க முன் முதுகைப் பார்க்க வேண்டும். முதுகில்தான் அச்சுக்காரன் எங்கே அழுத்தித் தேய்த்தான், எங்கே கை தளர்ந்தான் என்று தெரியும். பிறகு கோதுமை மாப் பசை காய்ச்சக் காட்டினார். மெல்லிய ஜப்பான் காகிதத்தில் விரல் நகமளவு கீல் வெட்டி, படத்தின் முதுகில் மேல் விளிம்பில் மட்டும் ஒட்டி அட்டையோடு பிணைப்பது. பசை கூடினால் தாள் சுருங்கும், குறைந்தால் படம் விழும். இதற்குப் புத்தகம் இல்லை, விரல்தான் புத்தகம்.

எனக்கும் பட்டதாரிகளுக்கும் நடுவில் நின்றவர் கோபால். மலேசியாத் தமிழர், ஈப்போவில் இருந்து படிக்க வந்து இங்கேயே உத்தியோகமானவர். மிஸ் ஆல்டனுக்கு உதவி. நல்ல மனுசன்தான், ஆனால் படித்தது வாயில் வழிந்துகொண்டே இருக்கும். ஒரு முறை மூன்று தாளாக அச்சிட்ட நாடகக் காட்சி ஒன்றுக்கு நடுத்தாள் என்று இரண்டு தாள்கள் இருந்தன. எது இந்தக் குடும்பத்துப் பிள்ளை என்று அவரும் இன்னும் இரண்டு பேரும் இரண்டு நாள் வாதாடினார்கள். நான் ஓரத்துத் தாளின் பூச்சி அரித்த ஓட்டைகளைப் பார்த்தேன், நடுத்தாள்களின் ஓட்டைகளைப் பார்த்தேன். ஒன்றில் நேருக்கு நேர் பொருந்தியது. ஒரே ஆல்பத்தில் ஒன்றோடொன்று கிடந்தவை, பூச்சி இரண்டையும் சேர்த்துத் துளைத்திருக்கிறது.

“அண்ணே, இது எந்த புக்ல இருக்கு?” என்றார் கோபால்.

“பூச்சி புத்தகம் வாசிக்கிறேல்லைத் தம்பி. சாப்பிடுறது” என்றேன்.

மிஸ் ஆல்டன் பூதக்கண்ணாடியைப் பையில் வைத்தார். மேசையில் வைக்காமல் பையில் வைத்தால் பாராட்டு.

இப்போது விதிக்கு வருகிறேன்.

நான் வந்து ஐந்து வருடம். மனைவி யோகமும் மகளும் கொழும்பில் ஒரு லொட்ஜில் அறை எடுத்து இருந்தார்கள். மகளுக்கு ஆறு வயது, என்னைப் போட்டோவில்தான் தெரியும். அவர்களை இங்கே எடுப்பதற்கு நான் குரோய்டனில் இருந்த குடிவரவுக் கந்தோருக்கு எழுதிப்போட்டு, ஒருவழியாக நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள்.

அம்மா ஊரில் இருந்து ஒரு பொட்டலம் திருநீறு அனுப்பியிருந்தா. நான் தீட்சை கேட்டவன் இல்லை. தீட்சை கேட்டவர்கள் தண்ணீரில் குழைத்து மூன்று குறியாக இடுவார்கள். மற்றவர்கள் உலர்ந்த பொடியாகத்தான் பூச வேண்டும். எங்கள் வீட்டில் அது கட்டாயம், நானும் தினமும் பூசுகிறவன்தான். அன்று அம்மாவின் பொட்டலத்தைப் பிரித்து நெற்றி நிறைய அள்ளிப் பூசினேன். வழக்கமாகப் போடும் கம்பளித் தொப்பியையும் போடவில்லை. அதிகாரிக்கு முன்னால் தொப்பியோடு நிற்பது மரியாதை இல்லை என்று ஒரு நினைப்பு. இந்தத் தொப்பியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

குரோய்டனில் அதிகாரி நல்லபடியாகத்தான் கதைத்தார். வேலை நிரந்தரமானது என்று மேலதிகாரியின் கடிதம் ஒன்று வேண்டும், அதைக் கொண்டு இரண்டு கிழமையில், திங்கட்கிழமை, இதே நேரம் வரச் சொன்னார். அந்தக் கடிதம் இருந்தால் யோகமும் பிள்ளையும் வரலாம். இல்லாவிட்டால் கோப்பு திரும்ப அடுக்கின் அடிக்குப் போகும். எனக்கு உலகத்தில் அப்போது வேண்டியிருந்தது அந்த ஒரு தாள்தான்.

ஒரு மணிக்கு வேலைக்குத் திரும்பினேன். அன்று என் மேசையில் நீலத்துணிக்காரி. நாங்கள் வைத்த பெயர் அது. கணவன் விட்டுப் போகும் காட்சியில் நடிக்கும் நடிகர், பெண் வேடத்தில். அழுகைச் சத்தம் வெளியே வராமல் கடும்நீலத் துணி ஒன்றை மடித்துப் பல்லால் கவ்வியிருப்பாள். கழுத்து நரம்பு மாத்திரம் புடைத்திருக்கும். கண்ணில் ஒரு சொட்டும் இல்லை. அந்த வருடக் கண்காட்சிக்கு அதுதான் முக்கியப் படம். நான் கீல் ஒட்டினேன், முகப்பக்கம் திருப்பினேன், அட்டையின் ஜன்னல் விளிம்பும் படத்தின் விளிம்பும் பொருந்துகிறதா என்று முகத்துக்கு நேர் மேலே ஒரு மணித்தியாலம் குனிந்து நின்றேன். எனக்குப் பருந்துப் பார்வை. ஆனால் அன்று கண் படத்தில், மனம் லொட்ஜில். அட்டையை மூடி, உள்ளங்கையால் அழுத்தி, பெட்டியில் வைத்தேன்.

இரண்டாம் நாள் கோபால் அந்த அட்டையைத் திறந்து, விளக்கைச் சரித்துப் பிடித்துப் பார்த்தார். நாலாம் விதியை மறந்து கத்திவிட்டார்.

“அண்ணே! இங்க வாங்க! கண்ணீர்ண்ணே, கண்ணீர்!”

நீலத் துணியில், சரியாக அவள் கண்ணுக்குக் கீழே, வெள்ளை வெள்ளையாகச் சின்னப் பொட்டுகள். அச்சுக்காரர்கள் பனி காட்டுவதற்குச் சிப்பியை இடித்த வெள்ளைப் பொடியைத் தெறிப்பது உண்டு. அதைக் கண்ணீர்த் துளியாகத் துணியில் தெறித்திருக்கிறான் என்றார் கோபால். இதே படத்தின் வேறு பிரதிகள் வேறு இடங்களில் இருக்கின்றன, ஒன்றிலும் இது இல்லையாம்.

“அஞ்சு வருஷமா உங்க கையில இருக்கு. பருந்துப் பார்வைன்னீங்க, பாக்கலியா லா?”

மிஸ் ஆல்டன் வந்தார், பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். அந்த மனுசியின் முகம் மாறி நான் கண்டது அன்றுதான். கன்னம் சிவந்துவிட்டது. “அவன் அவளை வாய்விட்டு அழ விடவில்லை. துணியை அழ வைத்திருக்கிறான்” என்று மெதுவாகச் சொன்னார். அன்றே கண்காட்சிப் புத்தகத்துக்கு அதைப் பற்றி ஒரு பக்கம் எழுத உட்கார்ந்தார்.

நானும் பூதக்கண்ணாடியால் பார்த்தேன். சிப்பி வெள்ளை பால்வெள்ளை. இது கொஞ்சம் மங்கல். கழிப்பறைக்குப் போய்க் கண்ணாடியில் நெற்றியைப் பார்த்தேன். அன்று அவசரத்தில் தொப்பியை மறந்து வந்திருந்தேன், இன்னும் ஒரு படத்திலும் கை வைக்கவில்லை, அன்றும் அம்மாவின் பொடிதான். விரலால் தட்டினேன். என் கறுப்புக் காற்சட்டையில் விழுந்தது. அதே மங்கல் வெள்ளை. அதே பொட்டு.

உடனே ஓடிப்போய்ச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். சொல்லவில்லை. எட்டு நாள் சொல்லவில்லை. என்னைத் தவிர எல்லோரும் கண்ணீரைப் பற்றியே கதைத்தார்கள். வெளியில் இருந்து ஒரு நிபுணர் வந்து பார்த்து, இது மிக நுட்பமான துயரம் என்று சொன்னார். நான் பக்கத்தில் நின்று மாப் பசை கிண்டினேன். படித்தவனுக்குத் தான் தேடுவது கண்ணில் பட்டுவிட்டால் போதும், அது எங்கே இருந்து வந்தது என்று மேலே நிமிர்ந்து பார்க்க மாட்டான். ஒருவராவது என் நெற்றியை நிமிர்ந்து பார்த்திருக்கலாம். எனக்கு அவர்கள் மேலும் கோபம், என் மேலும் கோபம்.

ஞாயிற்றுக்கிழமை யோகம் கொழும்பில் ஒரு கடையில் இருந்து போன் எடுத்தாள். நான் நடந்ததைச் சொன்னேன்.

“என்னப்பா, விசரே உங்களுக்கு? சொல்லப் போறியளோ?”

“சொல்லத்தானே வேணும்.”

“ஆமி அடிச்சுக் கேக்கேக்க வாய் திறக்காத மனுசன், ஒரு கடதாசிப் படத்துக்கு வாய் திறக்கப் போறாராம்! கடிதத்தை வாங்குங்கோ முதல். நாங்கள் வந்து சேர்ந்தாப் பிறகு நீங்கள் என்னத்தையும் சொல்லுங்கோ. உங்கட மகள் இப்ப எல்லா மீசைக்காரரையும் அப்பா எண்டுறாள், தெரியுமே?”

“சரி. சொல்லேல்லை.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

திட்டம் நல்ல திட்டம். வெள்ளிக்கிழமை, மிஸ் ஆல்டனிடம் கேட்டிருந்த கடிதத்தை வாங்குவது, திங்கள் குரோய்டனில் கொடுப்பது, செவ்வாய் உண்மையைச் சொல்வது. புத்தகம் அச்சுக்குப் போவது புதன். எல்லாம் பொருந்தியது, என் கீல்களைப் போல.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மிஸ் ஆல்டன் கூப்பிட்டுக் கடிதத்தைத் தந்தார். உறையை ஒட்டவில்லை. “வாசித்துப் பாருங்கள், மிஸ்டர் நவம், பிழை இருந்தால் சொல்லுங்கள்” என்றார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுத்துக் கூட்டி வாசித்தேன். வேலை நிரந்தரம் என்று இருந்தது. அதற்குக் கீழே: “ஐந்து வருடத்தில் இவர் கையில் ஒரு படமும் பழுதுபட்டதில்லை.”

மடித்துப் பையில் வைத்திருக்கலாம். வைத்திருந்தால் இந்தக் கட்டுரையும் இல்லை, பன்னிரண்டாம் விதியும் இல்லை. அவர் வேறு எதை எழுதியிருந்தாலும் நான் கொண்டுபோயிருப்பேன். நல்லவன், ஒழுக்கமானவன், நேரத்துக்கு வருகிறவன் என்று என்ன பொய்யை எழுதியிருந்தாலும். ஆனால் என் கையைப் பற்றி எழுதிவிட்டார். அந்தக் கையில்தான் எனக்கு எல்லாப் பெருமையும்.

“இதில ஒரு பிழை இருக்கு” என்றேன்.

சொன்னேன். நெற்றியைத் தொட்டுக் காட்டினேன். அவர் பூதக்கண்ணாடியை எடுத்து மேசையில் வைத்தார். மணிக்கூட்டைப் பார்த்தார்.

“என்ன சாம்பல்?”

“சுட்ட சாம்பல். சாமிக்கு.”

“எதைச் சுட்ட சாம்பல்?”

“மாட்டுச் சாணி.”

கண்ணை மூடினார். எங்கள் மூன்றாவது தட்டில் இருக்கும் பேய்ப் படங்களிலும் அப்படி ஒரு முகம் இல்லை.

“தினமும் பூசுவீர்களா?”

“ஓம்.”

“ஐந்து வருடமாகவா, மிஸ்டர் நவம்?”

அந்தக் கேள்வி எனக்கு வரவே இல்லை, பாருங்கள். ஐந்து வருடமாக நான் தொட்ட அத்தனை படமும்! அவர் என் கையில் இருந்த கடிதத்தைத் தன் பக்கம் எடுத்துக்கொண்டார்.

அன்று பின்னேரமே நீலத்துணிக்காரியை மேசையில் வைத்தோம். அணில் மயிர்த் தூரிகையை என்னிடம் தந்து, “போட்டவர் எடுக்கட்டும்” என்றார். விளக்கை அவர் பிடித்தார். தூரிகையின் நுனியால் ஒவ்வொரு பொட்டாக, துணியின் நீலத்தில் உரசாமல், வெளிப்பக்கமாக உருட்டி எடுக்க வேண்டும். மூச்சை வேறு பக்கம் திருப்பி விட வேண்டும். இரண்டரை மணித்தியாலம் பிடித்தது. எண்ணி எடுத்தேன், பதின்மூன்று. பதினாலாவது வரவில்லை. கண்ணுக்கு நேர் கீழே இருந்தது. அட்டையை மூடி உள்ளங்கையால் அழுத்தினேன் அல்லவா, நாருக்குள் இறங்கிவிட்டது. நான் இன்னொரு தரம் தூரிகையை வைக்கப் போனேன்.

“போதும். இனி எடுத்தால் நீலமும் சேர்ந்து வரும்” என்றார்.

கோபாலுக்குச் சொன்னபோது முதலில் கத்தினார். பிறகு நாற்காலியில் விழுந்து சிரித்தார். “என் கண்ணீர சாம்பலாக்கிட்டீங்களேண்ணே! நான் எங்க புரொபசருக்கே எழுதிப் போட்டுட்டேன்!”

மிஸ் ஆல்டன் தான் எழுதிய பக்கத்தைக் கிழித்தார். அது அவர் எழுதியதிலேயே நல்ல பக்கம் என்று கோபால் பிற்பாடு சொன்னார்.

திங்கட்கிழமை குரோய்டனுக்குப் போக என்னிடம் கடிதம் இல்லை. அன்று நாங்கள் பெட்டி பெட்டியாகத் திறந்துகொண்டிருந்தோம், ஐந்து வருடத்துப் படங்களை. மூன்று கிழமை எடுத்தது. வேறு ஒரு படத்திலும் ஒரு பொட்டும் இல்லை. ஏன் தெரியுமா? தொப்பி! தினமும் ரயிலில் தொப்பி போட்டு வருவேன், வேலைக்கு வந்து சேரும்போது நெற்றியில் இருந்தது எல்லாம் கம்பளிக்குள் போயிருக்கும். தொப்பியை உள்புறம் திருப்பிக் காட்டினேன். சுண்ணாம்பு அடித்த மாதிரி இருந்தது. மிஸ் ஆல்டன் அதைப் பார்த்துவிட்டுப் பூதக்கண்ணாடியைப் பையில் வைத்தார்.

அடுத்த நாள் இரண்டு தாள் தந்தார். ஒன்று கதவில் ஒட்டுவதற்கு, புதிதாகப் பன்னிரண்டாம் விதி சேர்த்தது. மற்றது கடிதம். “ஐந்து வருடத்தில் இவர் கையில் ஒரே ஒரு படம் பழுதுபட்டது, நெற்றியில் இருந்த சாம்பலால். அதை எனக்குச் சொன்னவரும் இவரே. இவர் வேலை நிரந்தரமானது. நான் இங்கே இருக்கும்வரை அது அப்படியே இருக்கும்.”

தவறிய திங்கட்கிழமைக்குப் பதிலாகக் குரோய்டனில் வேறு நாள் கிடைக்க நாலு மாதம் ஆனது. அந்த அதிகாரி கடிதத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டு என் நெற்றியைப் பார்த்தார். அன்று துடைத்திருந்தேன்.

யோகத்துக்கு நான் சொன்னது, “குரோய்டன்காரன் பிந்துறான்” என்று. சத்தியம் பண்ணியிருந்தேனே, வேறு என்ன சொல்ல? அவள் விமான நிலையத்தில் இறங்கியதில் இருந்து முப்பது வருடமாக, குரோய்டன் என்ற பெயர் காதில் விழுந்தால் ஏசுவாள். அந்தப் பக்கம் டிராம் பிந்தினாலும் ஏசுவாள். நானும் சேர்ந்து ஏசுவேன்.

இனி இன்றைய கதை. சரண்யாவின் போனுக்குப் பிறகு இரண்டாம் கிழமை கிங்ஸ்பரி ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கிறேன். சுவரில் ஆளுயர விளம்பரம். நீலத்துணிக்காரி! புதிய கண்காட்சியாம். அவள் கண்ணுக்குக் கீழே என் பதினாலாவது பொட்டு, ஒரு இட்லியளவுக்கு. கீழே எழுதியிருக்கிறது: ஒற்றைக் கண்ணீர்த் துளி. எனக்கு வந்த எரிச்சலில் ரயிலை விட்டுவிட்டேன்.

சரண்யாவைக் கூப்பிட்டேன்.

“அங்கிள், அது புது ஸ்கேன்ல கண்டுபிடிச்சது. லாப்ல டெஸ்ட் பண்ணி, சுண்ணாம்பு இருக்கு எண்டு வந்திருக்கு. சிப்பிப் பொடிதானாம்.”

“சாம்பலிலயும் சுண்ணாம்புதான் பிள்ளை இருக்கு! மிஸ் ஆல்டன் பென்சிலால எழுதி அட்டைக்குப் பின்னால வைச்சவ.”

“அந்த நோட்ஸ் ஒண்டும் கம்ப்யூட்டருக்குப் போகேல்லை அங்கிள். உங்களிட்ட ப்ரூஃப் ஏதும் இருக்கே?”

இருந்தது. கடிதத்தின் பிரதி, பழைய பாஸ்போர்ட்டுகளோடு. அனுப்பினேன். நன்றி சொல்லி மூன்று பேர் எழுதினார்கள். உடனே ஒரு படப்பிடிப்புக் குழு வருமாம். நான் படத்துக்குப் பக்கத்தில் நின்று, அந்த நேரம் என் மனம் எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டுமாம். மனம்! அந்தக் கண்காட்சியில் ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள். படத்தைப் பார்த்து உங்களுக்குக் கவலையா, கோபமா, பயமா, அமத்துங்கள் என்று. முப்பத்தொரு வருடம் அந்தப் படங்களுக்கு மேலே வாயைப் பொத்திக்கொண்டு நின்றவனிடம் வந்து கேட்கிறார்கள்.

“படம் வேண்டாம், பேட்டி வேண்டாம், பன்னிரண்டாம் விதியைத் திரும்பப் போடச் சொல்லு” என்றேன்.

“அதுதான் அங்கிள் பிரச்சினை. வேர்வை எண்டா பரவாயில்லையாம். திருநீறு எண்டு தெரிஞ்சாப் பிறகு அப்பிடி ஒரு ரூல் போட்டா ஒரு சமயத்தாற்ற மனசைப் புண்படுத்துமாம். லோயரிட்டக் கேக்கோணுமாம்.”

“புண்பட வேண்டிய ஆள் நான்! எனக்குப் புண்படேல்லை எண்டு சொல்லு!”

“சொன்னனான். ஃபோர்ம் ஒண்டு நிரப்பட்டாம்.”

இதற்கு மேல் நான் என்ன எழுத?

சரண்யா நல்ல பிள்ளை. எங்கள் இரண்டு பேருக்கும் கண்காட்சிக்கு நுழைவுச்சீட்டு அனுப்பினாள். போன சனிக்கிழமை யோகத்தோடு போனேன். வாசலுக்கு வந்து கூட்டிப்போனவள், நீலத்துணிக்காரிக்கு முன்னால் நின்று, கையில் இருந்த என் கடிதத்தின் பிரதியை யோகத்துக்குச் சந்தோஷமாக வாசித்துக் காட்டத் தொடங்கினாள். திகதியையும் சேர்த்து. நான் கண்ணால் எவ்வளவோ காட்டினேன். பிள்ளைக்கு விளங்கவில்லை.

யோகம் கேட்டு முடித்தாள். விரலை மடித்து மாதத்தை எண்ணினாள்.

“அப்ப குரோய்டன்காரன் பிந்தினவன் இல்லை.”

“இல்லை.”

“நீங்கள் வாயைத் திறந்தனீங்கள்.”

“ஓம்.”

“சத்தியம் பண்ணிப்போட்டு.”

“ஓம்.”

அவள் படத்துக்குக் கிட்டப் போனாள். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, துணியைக் கவ்விய பல்லையும் புடைத்த கழுத்தையும் கீழே இருந்த அந்தப் பொட்டையும் கனநேரம் பார்த்தாள். பக்கத்தில் இருந்த பொத்தானை ஒரு முறை பார்த்தாள், அமத்தவில்லை.

“நாலு மாதம்” என்றாள். “அந்த லொட்ஜில, மூட்டைப்பூச்சிக்கு நடுவில. இந்த ஒரு பொட்டுக்கு.”

பொட்டு நீலத்துக்குள் இப்போதும் அசையாமல் இருக்கிறதா, விளிம்பு விட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும் போல இருந்தது. தொழில் பழக்கம். மெல்லக் குனிந்தேன். ஓய்வுபெற்ற நாளில் இருந்து நான் தாராளமாகப் பூசுகிறவன், அன்றும் நெற்றி நிறைய இருந்தது.

யோகம் கைப்பையில் இருந்து லேஞ்சியை எடுத்து, என் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, நெற்றியை இந்தக் கரையில் இருந்து அந்தக் கரை வரைக்கும் அழுத்தித் துடைத்தாள்.

“கண்ணாடி போட்டிருக்கப்பா படத்துக்கு” என்றேன்.

“இருக்கட்டும். இன்னுமொரு கண்ணீர் விழுந்தா, அதுக்கு எத்தினை மாதமோ ஆருக்குத் தெரியும்? இப்பக் குனியுங்கோ.”